யாரோட நெருப்புல வேகப்போகுது? வேற வேற மரபுக் குயவர்கள் சேர்ந்து வேலை செய்ய நாலு வழி, எது யாருக்கு

போன வாரம் ஒரு தோழி கேட்ட கேள்விதான் இது, பதில் வாய்ஸ் மெசேஜ்ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டு சரி ஒழுங்கா உக்காந்து எழுதிடலாம்னு வந்துட்டேன். அவங்க வீல்ல வனையறவங்க, ஸ்டோன்வேர் (உயர் சூட்டுல கல்லு மாதிரி இறுகற பாண்டம்), கேஸ் சூளைல 1280 டிகிரி வரைக்கும் போவாங்க (இங்க சொல்ற டிகிரி எல்லாம் செல்சியஸ்). ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்னொரு நாட்டுல இருந்து வந்த ஒரு குயவரைப் பாத்திருக்காங்க. அவங்க வீலே தொடறதில்ல, மண்ணைத் திரி திரியா உருட்டி அடுக்கி பானை எழுப்பி, கூழாங்கல்லால தேச்சு மெருகேத்தி, திறந்த வெளில விறகும் புல்லும் போட்டு மூடி சுடறவங்க. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் வேலை மேல ஒருத்தருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. ஒரு வருஷம் சேர்ந்து ஏதாவது பண்ணணும், எப்படி பண்றது?

அவங்க முன்னாடி நாலு வழி இருக்கு. ஒருத்தர் இன்னொருத்தரோட பட்டறைக்குப் போய் தங்கி வேலை செய்யலாம். ரெண்டு பேரும் மூணாவது இடத்துக்கு, அதாவது கலைஞர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கற ரெசிடென்சிக்குப் போகலாம். அவங்கவங்க இடத்துலயே இருந்துட்டு மண்ணு, கிளேஸ் (சுட்டா கண்ணாடி மாதிரி ஆகற மேல்பூச்சு), பிஸ்க் சுட்ட (கிளேஸுக்கு முன்னாடி ஒரு தடவை லேசா சுட்ட) பாத்திரம்னு பார்சல்ல மாத்திக்கலாம். இல்லன்னா ஒரே பானைல ரெண்டு பேர் கையும் படற மாதிரி ஒருத்தர் செய்ய இன்னொருத்தர் சுடலாம். தோழிக்கு இந்தக் கடைசி வழி மேலதான் ஆசை, பாக்கறவங்களுக்கும் அதுதான் "சேர்ந்து செஞ்சது"ன்னு பளிச்சுனு தெரியும்.

நான் அதைக் கடைசியா வைங்கன்னு சொல்றேன். எதைத் தேர்ந்தெடுக்கறதுக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான் இருக்கு, இது யாரோட நெருப்புல வேகப்போகுது? வடிவத்தைப் பேசி முடிவு பண்ணலாம், கோலத்தைப் பேசலாம், அளவு, நிறம், எண்ணிக்கை எல்லாத்துலயும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். நெருப்பு மட்டும் பேச்சுவார்த்தைக்கு வராது.

ஏன்னு பாருங்க. திறந்த வெளில சுடறப்போ வெப்பம் பெரும்பாலும் 600ல இருந்து 900க்குள்ளதான் நிக்கும், அதுவும் சடசடன்னு ஏறி சில மணி நேரத்துல, சில இடங்கள்ல ஒரு மணி நேரத்துக்குள்ளயே முடிஞ்சுடும். அந்த வேகத்துக்குத் தாங்கணும்னுதான் அந்த மண்ணுல மணலோ, உமியோ, க்ராக்னு சொல்ற சுட்ட மண்ணோட பொடியோ கலந்திருப்பாங்க, நீராவி வெளிய போக வழி கிடைக்கும். ஸ்டோன்வேர் மண்ணு வேற ஜாதி, நெருக்கமான மண்ணு, மெதுவா ஏத்தணும், 1200ல இருந்து 1300 வரைக்கும் போனாத்தான் இறுகி கல்லு மாதிரி ஆகும். இப்போ அவங்க பானையை தோழியோட சூளைல வச்சா முதல்ல அந்த அழகான கறுப்பு போயிடும், ஏன்னா அது புகையில மூச்சுமுட்ட வச்சு உள்ள ஏத்தின கரி, காத்தோட்டமா சூடு ஏறினா எரிஞ்சு காணாமப் போயிடும். இன்னும் மேல 1150, 1200ன்னு ஏத்தினா இரும்புச் சத்து நிறைய இருக்கற அந்த மண்ணு உப்பும், சாயும், கடைசியில தட்டு மேல பழுப்புக் கண்ணாடிக் குட்டை மாதிரி உருகி ஒட்டிக்கிடக்கும். தோழியோட மண்ணை அவங்க நெருப்புல வச்சா அந்த வேகத்துக்கே வெடிக்கும், தப்பிச்சு வந்தாலும் வேகாத மண்ணு, விரல் வச்சு அழுத்தினா விளிம்பு உதிரும். சரி நடுவுல 1050ல சந்திக்கலாமேன்னு தோணும். அந்த சூட்டுல ரெண்டு பேரோட மண்ணுமே தன் குணத்துல இருக்காது, ஒண்ணு ஏற்கனவே வேற ஆளா மாறியிருக்கும், இன்னொண்ணு இன்னும் வேகல.

அதனால யாரோட நெருப்போ அவங்கதான் கடைசி முடிவு எடுக்கறவங்க, வாய்விட்டுச் சொன்னாலும் சொல்லாட்டியும். இந்த அளவுகோலை வச்சுத்தான் நாலு வழியையும் பாக்கறேன்.

நாலாவதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஆசை இருக்கற இடத்துலதான் ஜாக்கிரதையும் வேணும். இதுக்கு வரலாற்றுல இருக்கற பெரிய உதாரணம் நைஜீரியாவோட அபுஜா (இப்போதைய தலைநகர் இல்ல, இன்னைக்கு சுலேஜான்னு சொல்ற பழைய ஊர்). மைக்கேல் கார்டியூங்கற ஆங்கிலேயக் குயவர் 1950கள் தொடக்கத்துல காலனி அரசாங்கத்துக்காக அங்க ஒரு மட்பாண்டப் பயிற்சி மையம் ஆரம்பிச்சார். லாடி குவாலி அங்க 1954ல சேர்ந்தாங்க, அந்த மையத்துக்கு வந்த முதல் பெண். அதுக்கு முன்னாடியே அவங்க பேர்போன பானைக்காரி, குவாரிங்கற இனத்து மக்களோட முறையில பெரிய பெரிய தண்ணிப் பானை செய்யறவங்க. அந்த முறைல பானை சுத்தாது, குயவர்தான் பானையைச் சுத்துவாங்க. மண் உருண்டைக்குள்ள கையை விட்டு அடிப்பாகத்தைத் திறந்து, மேல திரி வச்சு ஏத்தி, ஒரு கையை உள்ள கொடுத்து வெளிய சுரண்டிக்கிட்டே பின்பக்கமா நடந்து நடந்து வட்டத்தைக் கொண்டு வர்றது. அப்புறம் ஈர மண்ணுல பல்லி, தேள், பாம்புன்னு கீறுவாங்க.

அபுஜால என்ன ஆச்சுன்னா கை அவங்களோடது, வடிவம் அவங்களோடது, பல்லியும் தேளும் அவங்களோடது. மண்ணு ஸ்டோன்வேர் மண்ணு, மேல கிளேஸ், சுட்டது கார்டியூவோட உயர் வெப்பச் சூளைல. அந்தப் பானைங்க 1958லயும் அடுத்தடுத்தும் லண்டன் கண்காட்சிக்குப் போச்சு, அவங்களும் ஐரோப்பா அமெரிக்கான்னு போய் கூட்டத்துக்கு நடுவுல பானை எழுப்பிக் காட்டினாங்க, இன்னைக்கு நைஜீரியாவோட 20 நைரா நோட்டுல அவங்க இருக்காங்க, அந்த மையத்துக்கே பின்னாடி அவங்க பேர் வச்சாங்க. அந்தப் பானைங்க அழகு, அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல, கீறின கோடெல்லாம் அந்தக் கிளேஸுக்கு அடியில நிக்கற விதமே தனி. ஆனா தண்ணிப் பானை எதுக்கு? மண்ணு முழுசா இறுகாம நுண்ணிய துளை இருக்கறதால தண்ணி கசிஞ்சு வெளிச்சுவர்ல ஆவியாகும், அதனாலதான் உள்ள இருக்கற தண்ணி குளிரும். 1300 கிட்ட சுட்டு கிளேஸும் போட்டாச்சுன்னா அந்தக் கதவு மூடிப்போச்சு. பானை வடிவத்துல இருக்கு, பானையோட வேலை அதுல இல்ல. இதை யாரோட குத்தம்னு சொல்ல வரல, லாடி குவாலி அந்த மண்ணையும் வீலையும் கூட கத்துக்கிட்டு தன் கைக்குக் கொண்டு வந்தவங்க. நான் சொல்றது, ஒரே பானைல ரெண்டு பேரு கை இருந்தாலும் நெருப்பு ஒருத்தரோடதா இருந்தா அந்தப் பானை என்னவா ஆகணும்ங்கறதை அந்த நெருப்புதான் முடிவு பண்ணுது.

எனக்கு இது சொந்தமாவே புரிஞ்ச ஒரு நாள் இருக்கு. சில வருஷம் முன்னாடி திறந்த வெளில சுடற மரபுல வந்த ஒரு வயசான அம்மாவோட சேர்ந்து வேலை செஞ்சேன். என்னோட மண்ணுல அவங்க ஒரு பானை எழுப்பினாங்க, நான் என் சூளைல சுட்டேன், விரிசலே இல்லாம வந்துச்சு, பெருமையா கொண்டுபோய் அவங்க கையில கொடுத்தேன். முதல்ல விரல் முட்டியால தட்டிப் பாத்தாங்க, கணீர்னு மணி மாதிரி சத்தம், அவங்க புருவம் லேசா தூக்கிச்சு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம அதுல தண்ணி ஊத்தி நிழல்ல வச்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு வந்து புறங்கையை பானையோட வயித்துல வச்சாங்க, எடுத்தாங்க, திருப்பி வேற இடத்துல வச்சாங்க. சுவர் காஞ்சே இருந்துச்சு. அவங்க என்னைப் பாத்து சிரிச்சுட்டு தண்ணியைக் கீழ ஊத்திட்டாங்க. அந்தச் சிரிப்புல கோவம் இல்ல, ஆனா அந்தப் பானையை அதுக்கப்புறம் அவங்க தொடவே இல்ல. அது என் பானைதான்னு அப்போ எனக்குத் தெரிஞ்சுச்சு, அவங்க கைரேகை முழுக்க அதுல இருந்தும் கூட.

இன்னும் ஒரு படி மேல போய் ரெண்டு மண்ணையுமே ஒரே பானைல சேர்க்கலாம், உடம்பு அவங்க மண்ணு கழுத்து என் மண்ணுன்னு சிலர் யோசிப்பாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு மண்ணு காய்ஞ்சு சுட்டு முடியறப்போ 7 சதவீதம் சுருங்குது, இன்னொண்ணு 13 சதவீதம்னு வச்சுக்கோங்க. ஈரத்துல ரெண்டும் 20 சென்டிமீட்டர் வாய்னா கடைசியில ஒண்ணு 18.6, இன்னொண்ணு 17.4. ஒட்டின இடத்துல ஒரு சென்டிமீட்டருக்கு மேல இழுபறி, அந்த இழுபறியை எந்த ஸ்லிப்பும் (ஒட்ட வைக்கற மண் கூழ்) தாங்காது, பெரும்பாலும் சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே காயற கட்டத்துலயே மோதிரம் மாதிரி சுத்திலும் விரிசல் ஓடும். காயறதுல தப்பிச்சாலும் ஆறும்போது ரெண்டும் ஒரே அளவு சுருங்கணுமே, 573 டிகிரில குவார்ட்ஸ் தன் அமைப்பை மாத்திக்கற இடம் ஒண்ணு வேற இருக்கு, அங்க டக்குனு ஒரு சத்தம் கேட்டா வருஷ உழைப்பு ரெண்டு துண்டு. ஒரே பொருள்ல ரெண்டு மண்ணும் வேணும்னா தனித்தனியா அவங்கவங்க நெருப்புல சுட்டு அப்புறம் பொருத்தற மாதிரி யோசிங்க, மூடி ஒருத்தரோடது கலயம் ஒருத்தரோடது, தாங்கி ஒருத்தரோடது மேல உக்கார்ற பானை ஒருத்தரோடது. சுருங்கற கணக்கை முன்னாடியே போட்டு வச்சா இது நல்லாவே அமையும், யாரோட நெருப்பும் அடங்கிப்போக வேண்டியதில்ல.

இப்போ முதல் வழி, ஒருத்தர் போய் இன்னொருத்தர்கிட்ட தங்கறது. ஜப்பான் குயவர் ஹமாடா ஷோஜியும் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சும் 1920ல இங்கிலாந்தோட கடலோர ஊர் செயின்ட் ஐவ்ஸ்ல பட்டறை போட்ட கதைய எல்லாரும் சொல்வாங்க. சொல்றப்போ ரெண்டு விஷயத்தை விட்டுடறாங்க. ஒண்ணு, அந்தக் கூட்டுக்குப் பின்னாடி எத்தனை வருஷம் இருந்துச்சுங்கறது. லீச் 1909லயே ஜப்பான் போயிட்டார், நடுவுல கொஞ்ச காலம் சீனா, மத்தபடி பத்து வருஷத்துக்கு மேல அங்கதான், ஆறாவது கென்ஸான்னு பட்டம் வச்சிருந்த குருகிட்ட மண்ணு கத்துக்கிட்டவர். அதாவது அவர் முதல்ல விருந்தாளியா, மாணவனா இருந்தவர், அதுக்கப்புறம்தான் ஹமாடாவைக் கூட்டிட்டு வர்றார். ஹமாடாவும் சும்மா ஆள் இல்ல, கிளேஸ் வேதியியலை முறையா படிச்சு ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தவர். ரெண்டு பக்கமும் கொடுக்கறதுக்கு கையில ஏதோ இருந்துச்சு.

ரெண்டாவது, அவங்க முதல்ல கட்டின சூளை சரியா வரல. ஜப்பான்ல மலைச்சரிவுல அறை அறையா ஏறிப்போற சூளை மாதிரி ஒண்ணை அங்க கட்டினாங்க, மேற்குல அப்படி ஒண்ணு அதுதான் முதல்முறை, ஆனா ஒழுங்கா வேலை செய்யல, விறகுக்கும் அந்தப் பக்கம் தட்டுப்பாடு. பரம்பரையா குயவுத் தொழில் பண்ற குடும்பத்துல இருந்து மட்ஸுபயாஷி ட்ஸுருநோசுகேங்கறவர் 1922ல வந்து அதைத் திருத்தி மறுபடி கட்டிக் கொடுத்தார், அந்தச் சூளை 1970கள் வரைக்கும் ஓடிச்சு. வடிவமும் தத்துவமும் கப்பல்ல வந்துடும், நெருப்பைக் கொண்டு வரணும்னா அதுக்குன்னு தெரிஞ்ச ஆளே வரணும். ஹமாடா மூணு வருஷம் போல இருந்துட்டு 1923 கடைசியில கிளம்பினார், ஜப்பான் போய் மாஷிகோல நிலையா தங்கி அந்த ஊர் மண்ணுலயே வேலை செஞ்சார், இங்கிலாந்துல பாத்த ஸ்லிப் ஊத்தி கோடு போடற முறை அவர் கூடவே போச்சு. கொடுத்ததும் எடுத்ததும் ரெண்டு பக்கமும் தெரியுது பாருங்க, அதுக்கு அத்தனை வருஷம் ஆச்சு.

தங்கி வேலை செய்யறதுல கிடைக்கற பெரிய லாபம் உடம்புல ஏறுது, பேசி வர்றதில்ல. ஜப்பான்ல வீல் கடிகாரச் சுத்துல சுத்தும், மேற்குல பெரும்பாலும் எதிர்ச் சுத்து. கேக்கறதுக்கு சின்ன விஷயம், ஆனா வருஷக்கணக்கா ஒரு பக்கம் பழகின கை இன்னொரு பக்கம் உக்காந்தா இழுக்கற கை தாங்கற கையாகணும், தாங்கற கை இழுக்கணும், மண்ணு நடுவுல நிக்கவே ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்துலதான் நீங்க எதைத் தெரியாமலே பழகி வச்சிருக்கீங்கன்னு தெரிய வரும். அதே மாதிரி "காஞ்சிருச்சா"ங்கற கேள்வி. நான் நகத்தால அழுத்திப் பாப்பேன். நான் மேல சொன்ன அந்த அம்மா பானையைத் தூக்கிக் கன்னத்துல வைப்பாங்க, சில்லுனு இருந்தா ஈரம் இன்னும் உள்ள இருக்கு. மொழி தெரியாதது எங்களுக்குப் பெரிய தடையா இல்ல, நான் பொறுமை இல்லாம தூக்கப் போனா கையைத் தட்டிவிட்டு கன்னத்தைக் காட்டுவாங்க. இதை வீடியோ கால்ல எப்படி கத்துப்பீங்க?

கஷ்டமும் இருக்கு. நேரம்தான் முதல் கஷ்டம், குடும்பம் குழந்தைன்னு இருக்கறவங்களுக்கு மூணு மாசமே மலை, விசா வேற. அடுத்தது விருந்தாளி எப்பவும் கொஞ்சம் மாணவனாத்தான் இருக்க வேண்டியிருக்கும், அது ஒருத்தருக்கு மட்டும் நடந்தா கூட்டு இல்ல, பயிற்சி. பயிற்சியும் நல்லதுதான், கென்யாவுல பிறந்த குயவர் மக்தலீன் ஒடுண்டோ 1970கள்ல அபுஜால போய் லாடி குவாலிகிட்ட கத்துக்கிட்டு, அப்புறம் அமெரிக்காவுல சான் இல்டிஃபான்ஸோல பூர்வகுடிக் குயவர் மரியா மார்டினெஸோட கறுப்புப் பானை முறையையும் போய்ப் பாத்துட்டு வந்து தனக்குன்னு ஒரு மொழியை உருவாக்கினவங்க, அந்த மெருகும் கறுப்பும் வீல் இல்லாத கையும் எங்க இருந்து வந்துச்சுன்னு அவங்க பானையைப் பாத்தாலே தெரியும். ஆனா அது ஒருத்தர் நடந்து நடந்து சேர்த்தது. ரெண்டு பேரு கூட்டுன்னா போனவர் வீட்டுக்கு மத்தவரும் வரணும்.

இன்னொண்ணும் சொல்லணும். குயவர் நாடு விட்டு நாடு போனதெல்லாம் ஆசைப்பட்டுப் போனது இல்ல. 1592ல இருந்து 1598 வரைக்கும் ஜப்பான் கொரியா மேல படையெடுத்தப்போ கொரியக் குயவர்களைக் கூட்டம் கூட்டமா பிடிச்சுக்கொண்டு போனாங்க. அரிட்டால ஜப்பானோட போர்சலின் (வெள்ளைப் பீங்கான்) பிறந்ததுக்கு ரி சம்பேங்கற கொரியக் குயவரைத்தான் காரணமா சொல்வாங்க, ஹகி, சட்சுமா பாண்டங்களோட வேரும் அங்கதான். இன்னைக்கு அதையெல்லாம் ரெண்டு மரபு கலந்த அழகுன்னு ரசிக்கறோம், ரசிக்கலாம், ஆனா கலந்ததால மட்டுமே அது கூட்டு வேலை ஆயிடாது. யாரு வர்றது, யாரு முடிவு பண்றது, வேணாம்னா திரும்பிப் போகலாமா, இதெல்லாம் அழகுக்கு முன்னாடி வர்ற கேள்வி.

ரெசிடென்சியைப் பத்தி அவ்வளவு நீட்ட வேணாம். ஜப்பான்ல ஷிகராகி செராமிக் பூங்கா இருக்கு, நெதர்லாந்துல ஐரோப்பிய செராமிக் மையம் இருக்கு, அமெரிக்காவுல மொண்டானால 1951ல இருந்து ஆர்ச்சி பிரே ஃபவுண்டேஷன் நடக்குது, லீச்சும் ஹமாடாவும் அவங்க நண்பர், ஜப்பான் கைவினைச் சிந்தனையாளர் யனகியும் 1952 கடைசியில அங்க வந்து வேலை செஞ்சு காட்டினாங்க. பெரிய சூளை, உதவிக்குத் தெரிஞ்ச ஆளுங்க, நேரக்கெடு, வேற வேலை இல்லாத மனசு, எல்லாம் கிடைக்கும். ரெண்டு பேருமே சொந்த மண்ணு இல்லாம நிக்கறதால யாரும் யாருக்கும் விருந்தாளி இல்ல. ரெண்டு பேரும் உயர் வெப்பத்துல சுடறவங்கன்னா, ஒருத்தர் போர்சலின் ஒருத்தர் விறகுச் சூளை ஸ்டோன்வேர்ங்கற மாதிரி, நான் யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். ஆனா தோழி விஷயத்துல பொது இடம்னு நாம நினைக்கறது பொது இடமே இல்ல. அங்க இருக்கற சூளை கேஸும் கரண்ட்டும், கிடைக்கற மண்ணு மூட்டையில வர்ற ஸ்டோன்வேர், அட்டவணையும் அந்தச் சூளைக்கு ஏத்தது. தோழி முதல் நாளே தன் வீட்டுல இருக்கற மாதிரி இருப்பாங்க, அந்த இன்னொருத்தர் புல்லுக்கும் சாணத்துக்கும் காத்து அடிக்காத ஒரு மூலைக்கும் அலைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி கேளுங்க, திறந்த வெளில நெருப்பு வைக்க விடுவீங்களா, புகைக்கு என்ன விதி. முடியாதுன்னு பதில் வந்தா அந்த இடம் உங்க ரெண்டு பேருக்கும் பொது இல்ல.

தூரத்துல இருந்து மாத்திக்கறது மூணாவது வழி, செலவு கம்மி, பழசும் கூட. நீலம் வெள்ளை போர்சலினே அப்படி வந்ததுதான, பாரசீகத்துல இருந்து போன கோபால்ட் (நீலம் கொடுக்கற தாது) சீனாவோட பீங்கான் ஊர் ஜிங்டெசென்னோட வெள்ளை மண்ணு மேல விழுந்துதான் 14ம் நூற்றாண்டுல அந்த நீலம் உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. ஆனா பொருள் பயணம் பண்ற மாதிரி ரெசிபி பயணம் பண்ணாது. ஒரு கிளேஸ் கணக்கை கிராம் சுத்தமா எழுதி அனுப்பலாம், அங்க கிடைக்கற ஃபெல்ட்ஸ்பார் கல்லுப்பொடி வேற, சாம்பல் வேற, தண்ணி கூட வேற. சூளைக்குள்ள இருக்கற காத்து அதைவிடப் பெரிய விஷயம். அதே செம்பு, ஆக்சிஜன் தாராளமா இருக்கற கரண்ட் சூளைல பச்சை, மூச்சை அடக்கி சுடற கேஸ் சூளைல ரத்தச் சிவப்பு. அதே இரும்பு ஒண்ணுல தேன் நிறம், இன்னொண்ணுல செலடான் பச்சை. அனுப்பினவர் ஒண்ணை நினைச்சு அனுப்ப, வாங்கினவருக்கு வேற ஒண்ணு வரும், அந்த ஆச்சரியத்துக்காகவே செய்யறவங்களும் இருக்காங்க, எனக்கும் பிடிக்கும்.

பார்சலைப் பத்தி நடைமுறையா ஒண்ணு ரெண்டு. பச்சை மண்ணா எதையும் அனுப்பாதீங்க, பிஸ்க் சுட்டதை அனுப்புங்க, கிளேஸ் உறிஞ்சற அளவுக்கு துளை மிச்சம் இருக்கற மாதிரி சுடுங்க, அந்தப் பக்கம் எந்த சூடுன்னு கேட்டுட்டு. தோண்டின மண்ணையே அனுப்பணும்னா பல நாடுகள்ல எல்லைல நிறுத்திக் கேள்வி கேப்பாங்க, முதல்லயே விசாரிச்சுக்கோங்க. இதுல இன்னொரு சிக்கல், கிளேஸ் போடற மரபுக்குத்தான் இந்த வழி வசதி. கிளேஸே இல்லாத மரபுல வந்தவங்க என்னத்தை அனுப்புவாங்க, சுட்டு முடிச்ச பானையைத்தான். அப்போ அது பரிமாற்றம், பரிமாற்றம்னே பேர் வைங்க.

பேர் யாரோடதுங்கற கேள்விக்கு நாலு வழிக்கும் பதில் வேணும், அதையும் மண்ணைத் தொடறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கணும். ஜிங்டெசென்ல ஒரு கோப்பை முடியறதுக்குள்ள 72 கை மாறும்னு 17ம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காங்க, வனையறவர் வேற, சீவறவர் வேற, வரையறவர் வேற, அங்க பேர் போடற வழக்கமே வேற மாதிரி. ஹமாடா ஜப்பான் திரும்பின பிறகு பானைல கையெழுத்து போடறதையே விட்டுட்டார். கையெழுத்து போட்டே பழகினவரும் போடாமலே பழகினவரும் சேர்ந்தா, எழுதி வைக்காட்டி போட்டவர் பேர் மட்டும்தான் வெளிய தெரியும், கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும், நடந்ததைப் பாத்திருக்கேன், ஒரு கண்காட்சில என்னோட வேலை செஞ்சவங்க பேர் இருக்க வேண்டிய இடத்துல "பாரம்பரியக் கைவினைஞர் உதவியுடன்"னு ஒரு வரி. அந்த அட்டையை மாத்தச் சொல்லி மாத்த வச்சேன், ஆனா முதல் நாள் வந்தவங்க எல்லாம் அந்த வரியைத்தான் படிச்சுட்டுப் போனாங்க, அதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. கோலம் விஷயமும் அப்படித்தான், சில கோலம் ஒரு ஆளோடது இல்ல, ஒரு ஊரோடது, ஒரு குடும்பத்தோடது. கூட்டு முடிஞ்சப்புறம் அதை நீங்க தனியா உங்க கோப்பைல போடலாமான்னு கேளுங்க, கூடாதுன்னா கூடாது.

சரி தோழிக்கு நான் என்ன சொல்றேன். ஒரு வருஷம் இருக்குல்ல, முதல் மூணு மாசம் தூரத்துலயே இருங்க, சோதனைத் துண்டுகளை மட்டும் மாத்திக்கோங்க. அப்புறம் நீங்க அங்க போங்க. அவங்களை முதல்ல இங்க கூப்பிடாதீங்க. இதுல நான் பிடிவாதமா இருக்கேன், ஏன்னா கேஸ் சூளை வருஷம் முழுக்க ஒரே மாதிரி காத்திருக்கும், திறந்த நெருப்புக்கு மழையில்லாத மாசம் வேணும், விறகு வேணும், அக்கம்பக்கத்து கைங்க வேணும், அது நகராது, நகர முடிஞ்சது நீங்கதான். குறைஞ்சது ஆறு வாரம் இருங்க, முதல் ரெண்டு வாரம் உங்க பானைன்னு ஒண்ணும் செய்யாதீங்க, மண்ணு மிதிங்க, விறகு அடுக்குங்க, அவங்க நெருப்பு எப்போ புகையை விட்டு வெளிச்சமாகுதுன்னு பாருங்க. அவங்க மண்ணுல உங்க கை என்ன செய்யுதுன்னு பாருங்க, அது அவங்க நெருப்புல என்ன ஆகுதுன்னு பாருங்க, பாதி உடையும், உடையட்டும். அப்புறம் அவங்க இங்க வரட்டும், அவங்க கை உங்க மண்ணுல, உங்க சூளைல. இந்த ரெண்டும் முடிஞ்சு மிச்சம் நேரமும் ஆசையும் இருந்தா, நான் மேல சொன்ன மாதிரி தனித்தனியா சுட்டுப் பொருத்தற ஒரே ஒரு பொருளை சேர்ந்து யோசிங்க.

ஒரு மாசம்தான் முடியும்னா ரெசிடென்சி, திறந்த நெருப்புக்கு அனுமதி கொடுக்கற இடமா மட்டும். எங்கயுமே போக முடியாத நிலைமைனா பார்சல், அதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. உங்க மண்ணுல 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு பன்னெண்டு பட்டை வெட்டுங்க, ஈரமா இருக்கறப்போவே ஒவ்வொண்ணுலயும் சரியா 10 சென்டிமீட்டர் தூரத்துல ரெண்டு கோடு கீறுங்க, அவங்களையும் அவங்க மண்ணுல அதே மாதிரி செய்யச் சொல்லுங்க. ஆறை அவங்கவங்க நெருப்புல சுடுங்க. மிச்ச ஆறை லேசா பிஸ்க் சுட்டு பொட்டலம் கட்டி மாத்திக்கோங்க, உங்களோடது அவங்க நெருப்புக்கு, அவங்களோடது உங்க சூளைக்கு, உருகினா தட்டு பாழாகாம இருக்க அடியில ஒரு பழைய ஓட்டுத் துண்டு வச்சுக்கோங்க. சுட்டு முடிஞ்சதும் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல அளந்து எழுதுங்க, ஒரு நாள் தண்ணில ஊறப்போடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, தட்டிப் பாருங்க, ரெண்டு சத்தத்தையும் போன்ல பதிவு பண்ணி அனுப்பிக்கோங்க. டிக்கெட் அதுக்கப்புறம் போடலாம்.